மீதி நாற்பது மீட்டர்

மலேசியாவின் குருண் - திகாம் பத்து வட்டாரத் தமிழர் விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவில், தலைவர் சுப்பிரமணியம் பேசாத வருடம் கிடையாது. யாருக்காவது பின்னந்தொடை பிடித்துக்கொள்ளாத வருடமும் அநேகமாகக் கிடையாது. செயலாளர் அய்யாவு நன்றியுரை சொல்ல எழும்போது கூட்டம் மீ கோரெங் நூடுல்ஸ் கடைப்பக்கம் போயிருக்கும். இவற்றுக்குள் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று பதினோரு ஆண்டுகளாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருடம் பிடித்துக்கொண்டது ஷீலாவுக்கு. பெண்கள் நூறு மீட்டர் ஓட்டம், மூன்றாம் தடம். அறுபது மீட்டர் வரை அவள்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அறுபதாவது மீட்டரில் பின்னாலிருந்து யாரோ கல்லை விட்டெறிந்ததுபோல வலது தொடையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். எறிந்தவர் யாரும் இல்லை. அப்புறம்தான் விழுந்தாள். தூக்குக்கட்டிலில் அவளை எடுத்துக்கொண்டு போகும்போது ஒலிபெருக்கியில் தலைவர், வெற்றி தோல்வி முக்கியமல்ல, கட்டொழுங்குதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே செயற்குழு கூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாம் தடத்தில் கண்ணேறு இருக்கிறது. அந்தத் தடத்தில் பூசணிக்காய் உடைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமாகி, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு அய்யாவுவின் கூட்டக் குறிப்பேட்டில் ஏறியது. முந்தைய வருடம் தொடை பிடித்துக்கொண்டவர் ஐந்தாம் தடத்தில் ஓடியவர் என்பதும் அதே குறிப்பேட்டில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

ஷீலா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் பரிசோதனை வரிசையில் நிற்பவள். நிற்பவள் என்றால் உண்மையாகவே நிற்பவள். ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம், தலை முதல் கால்வரை வெள்ளை அங்கிக்குள். தொடை கிழிந்த பிறகு பதினோரு வாரம் அவளை உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் போட்டார்கள். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். நல்ல மனிதராகவே, இன்னொரு தடவை இப்படி ஆனால் வரிசையில் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அவளை அதைவிடக் குடைந்தது வேறொன்று. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மன்றத்தின் விதிப்படி முப்பத்தைந்து ஆன பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் கிடையாது. அவர்களுக்கென்று கரண்டியில் எலுமிச்சம்பழ ஓட்டமும் இசை நாற்காலியும் இருக்கின்றன. பத்து வயதிலிருந்து அந்தத் திடலில் ஓடியவள் ஷீலா. இந்த வருடம் ஓடாவிட்டால் அவளுடைய கடைசி நூறு மீட்டர், அறுபது மீட்டரிலேயே நின்றுபோனதாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் எலுமிச்சம்பழம்.

"மீதி நாப்பது மீட்டர் பாக்கி இருக்குலா. அத மட்டும் ஓடி முடிச்சிடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

சுங்கை பட்டாணியில் கிளினிக் வைத்திருந்த ரஜனியிடம் அவள் போனது விழுந்த நான்காம் நாள். ரஜனி பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் அவளை டாக்டர் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் நான் டாக்டர் இல்லை என்று திருத்துவாள், அவர்களும் சரி டாக்டர் என்பார்கள். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரயில்வேயிலும், கந்தோர் என்று அவர்கள் சொல்லும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பம். சொல்வதைச் சுற்றி வளைக்காமல் சொல்வது அந்த வீட்டுப் பழக்கம்.

ஷீலாவின் தொடை அன்றைக்கு ஊதாவும் மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. பாதி நிறம் கிழிந்ததால் வந்தது. மீதி, பயிற்சியாளர் பிச்சை சூடான எண்ணெய் போட்டு அரைமணி நேரம் உருவியதால் வந்தது. பிச்சை மற்ற நாட்களில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். பஸ்ஸோ மனிதனோ, எது நின்றுபோனாலும் அழுத்தி மிதித்தால் நகரும் என்று நம்புகிறவர்.

"இதை ஆர் இப்படி உருவினது?" என்று ரஜனி கேட்டாள். ஷீலா சொன்னாள். ரஜனி பிச்சையின் பெயரை எழுதிக்கொண்டாள், ஏதோ கிருமியின் பெயரைப்போல.

பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி விளக்கினாள். இடுப்பின் உட்காரும் எலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூன்று தசைகள் இறங்குகின்றன. வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசப்படும். அது நிலத்தில் படுவதற்குச் சற்று முன்னால் இந்தத் தசைகள்தான் பிரேக் பிடிக்கின்றன. நீண்டுகொண்டே பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கிழியும். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். சும்மா படுத்திருந்தால் வலி போகும், பலம் வராது. பலம் வராமல் ஓடினால் இரண்டாவது தடவை முதல் தடவையைவிட மோசமாக இருக்கும்.

பிரேக் என்ற சொல் ஷீலாவுக்குப் பிடித்திருந்தது. பிச்சையண்ணனுக்கு இதைச் சொன்னால் புரியும் என்று நினைத்தாள். புரிந்தது. அன்றிலிருந்து அவர் எண்ணெய்ப் போத்தலைத் தொடவில்லை. பிரேக் விஷயத்தில் பிச்சை விளையாட மாட்டார்.

மாதங்கள் போயின. நடக்கவைத்து, படியேற்றி, மெதுவோட்டம் ஓடவைத்து, வேகத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ரஜனி ஏற்றினாள். இதற்கிடையில் ஒருநாள், உங்கள் மன்றத்தில் இதற்கு முன்னால் யார் யாருக்கு இப்படி ஆனது என்று கேட்டாள். ஷீலா அய்யாவுவை அழைத்துக்கொண்டு வந்தாள். அய்யாவு ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடக் குறிப்பேடுகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அவற்றில் எல்லாம் இருந்தன. விழாவில் தலைவர் பேச எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம், போர்த்தப்பட்ட பொன்னாடைகளின் எண்ணிக்கை, முதலுதவிக் கூடாரத்துக்குப் போனவர்களின் பெயர். மேடையில் தமக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கப்படாததால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்ததாக அய்யாவு சொன்னார்.

ரஜனி ஒரு மணி நேரம் பக்கங்களைத் திருப்பினாள். தலைவர் முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் பேசியது ஒன்பது வருடங்கள். அந்த ஒன்பதிலும் ஒருவரோ இருவரோ தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தார்கள். யாரும் விழாத வருடங்கள் இரண்டு. ஒன்றில் தலைவருக்குத் தொண்டை கட்டி நான்கு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றில் மழை வந்து மைக் கருகியது.

பதினோரு வருடம் சின்னக் கணக்கு, இதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது என்று ரஜனி முதலிலேயே எச்சரித்தாள். ஆனால் நடப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள் என்றாள். பிள்ளைகள் எட்டரைக்கு ஓடிக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். பிறகு அணிவகுப்பு வரிசையில் அசையாமல் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். பேச்சு முடிந்ததும் நேராக நூறு மீட்டர். உடம்பில் ஏறிய சூடு கால்மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஆறிப்போன தசையை எடுத்த எடுப்பில் முழு வேகத்துக்கு இழுத்தால் அது என்ன செய்யும்?

அய்யாவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூசணிக்காய் தீர்மானத்தை வழிமொழிந்தவர் அவர்தான்.

இந்த விஷயத்தைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு விஞ்ஞானத்தில் வழி இல்லை. சுப்பிரமணியம் லாரி வைத்திருப்பவர். பதினான்கு லாரிகள், ஒரு பதக்கம், பதினோரு பதவிகள். பதவிகள் முகவரி அட்டையின் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கமும் போயிருந்தன. கைத்தொலைபேசி எண்ணுக்கு இடமில்லை. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. மைக்கைப் பார்த்தால் கையில் எடுப்பார், அவ்வளவுதான்.

செயற்குழுவுக்கு ரஜனி அழைக்கப்பட்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டாக்டர், பிள்ளைங்க வெயில்லதானே நிக்கிறாங்க? அதவிட வார்ம்-அப் வேற என்ன வேணும்?" என்றார்.

"வெயில் தோலைத்தான் சுடும், தலைவர். தசைக்குச் சூடு வாறது ஓடினால்தான்."

தலைவர் தாம் சிறுவயதில் ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் வெறுங்காலோடு ஓடியதையும், அப்போது யாருக்கும் தசை என்ற ஒன்று இருந்ததே தெரியாது என்பதையும் இருபது நிமிடம் எடுத்துரைத்தார். முடிவில், "பேச்சு இல்லாட்டி அது விழாவா? வெறும் ஓட்டம்லா" என்றார். குழு ஆமோதித்தது. அய்யாவு நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

விழாவுக்குப் பத்து வாரம் இருந்தது. பேச்சைக் குறைக்க முடியாவிட்டால் தொடையையாவது பலப்படுத்துவோம் என்று ரஜனி முடிவு செய்தாள். செவ்வாயும் வியாழனும் மாலையில், கோயில் மண்டபத்தில், மன்றத்து ஓட்டக்காரிகள் எட்டுப் பேருக்கும் பயிற்சி. முழந்தாளிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். இன்னொருத்தி பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். முதுகு வளையாமல், மரம் சாய்வதுபோல, ஆனால் மரத்தைவிட மிகமிக மெதுவாக, முன்னால் சாய்ந்துகொண்டே போக வேண்டும். இனித் தாங்காது என்னும்போது கைகளை ஊன்றித் தரையில் படுத்துவிடலாம். பார்ப்பதற்குச் சுலபம். முதல்நாள் முடிந்து எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே இறங்கினார்கள். இதை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் தொடைக் கிழிசல் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் ஒழுங்காகச் செய்கிற அணிகள்தான் குறைவு என்றாள் ரஜனி. இரண்டாம் நாள் எட்டுப் பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள்.

இரண்டாவது வாரம் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி எட்டுப் பேரையும் பிச்சை தம் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். நான்கு பேர் முழந்தாளிட, நான்கு பேர் கணுக்காலைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோயில் கூட்டத்துக்கு வந்த தலைவர் மண்டபத்துக் கதவைத் திறந்தார்.

அவர் கண்ட காட்சி இது: நான்கு பெண்கள் தம்மை நோக்கி மண்டியிட்டிருக்கிறார்கள். தம்மைக் கண்டதும் மெதுவாக, பயபக்தியோடு, நடுங்கிக்கொண்டே முன்னால் சாய்கிறார்கள். பாதி வழியில் ஒருத்தி கண்களை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நால்வரும் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார்கள்.

தலைவர் அப்படியே நின்றுவிட்டார். பதினோரு பதவிகளில் எதற்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. கண் கலங்கியது. வலது கையை உயர்த்தி, "நல்லா இருங்கம்மா" என்றார்.

ரஜனி வாயைத் திறந்தாள். வருகையைக் குறிக்க வந்து பக்கத்தில் நின்ற அய்யாவு, உதட்டை அசைக்காமல், "விடுங்க டாக்டர். மிச்ச வாரத்துக்கு ஆள் வரணுமா வேணாமா?" என்றார்.

"நான் டாக்டர் இல்லை" என்று மட்டும் சொல்லி ரஜனி நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தலைவர் ஒரு செவ்வாயைக்கூட விடவில்லை, ஒரு வியாழனையும் விடவில்லை. ஆறரைக்கு வந்து, எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவார். தலைவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது வராமல் இருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எட்டுப் பேரும் வந்தார்கள். சிமெண்டுத் தரையில் முழங்கால் வலிப்பதைப் பார்த்து எட்டு மெத்தைவிரிப்புகள் வாங்கித் தந்தார். ஒவ்வொன்றிலும் 'அன்பளிப்பு' என்று போட்டு அவருடைய பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது, சரியாக முழங்கால் படும் இடத்தில். ஐந்தாவது வாரத்துக்குள் எல்லாவற்றிலும் 'சுப்பி' தேய்ந்து போய்விட்டது.

ஷீலாவின் தொடை பலப்பட்டது. எட்டாவது வாரத்தில் கைகளை ஊன்றாமல் முக்கால்வாசி தூரம் சாய்ந்தாள். திடலில்தான் சிக்கல். ஒவ்வொரு தடவை வேகமாக ஓடும்போதும் அறுபது மீட்டர் வந்ததும் அவளையறியாமல் வேகம் குறைந்துவிடும். கோடு எதுவும் இல்லாத இடத்தில் ஓடவிட்டாலும் கால் சரியாக அங்கே தயங்கியது.

ரஜனி தொடையை அழுத்திப் பார்த்தாள், அளந்து பார்த்தாள். "கால் மறந்திட்டுது, ஷீலா. நீங்கள்தான் மறக்கேல்லை" என்றாள்.

அதற்குப் பயிற்சி இருக்கிறதா என்று ஷீலா கேட்டாள். ஓடுவதுதான் பயிற்சி என்றாள் ரஜனி. வாரம் ஒருமுறை முழு வேகத்தை உடம்புக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டாமல் வைத்திருந்து விழாவன்று திடீரென்று காட்டினால் உடம்பு பயப்படும். காட்டினார்கள். ஒன்பதாவது வாரம் எழுபது மீட்டர் வரை தயங்காமல் போனாள். மீதி, விழாவுக்கென்று நின்றது.

விழா ஒரு சனிக்கிழமை. கெடாவில் அது விடுமுறை நாள் என்பதால் ஜெராய் மலையடிவாரத்துத் தோட்டத்துத் திடலில் நல்ல கூட்டம். மூன்றாம் தடத்தில் பூசணிக்காய் முறைப்படி உடைக்கப்பட்டு, அதன் விதைகள் யாரையாவது வழுக்கிவிடும் முன்னால் பிச்சையால் பொறுக்கப்பட்டன. எட்டரைக்குப் பெண்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டார்கள். ஒன்பதுக்கு அணிவகுத்து நின்றார்கள். பொன்னாடைகள் முடிந்து ஒன்பது பத்துக்குத் தலைவர் எழுந்தார். அவர் கையில் பதினெட்டுப் பக்கம் இருந்தது.

அவைக்கு வணக்கம் சொல்வதிலேயே ஏழு நிமிடம் போனது. ஷீலா இரண்டாம் வரிசையில் நின்றாள். பத்தாவது நிமிடத்தில் தொடைக்குள் இருந்த இளஞ்சூடு இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டாள். கூடாரத்துப் பக்கம் நின்ற ரஜனியைப் பார்த்தாள். ரஜனி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யாவுவும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பதின்மூன்று பக்கம். பேச்சு நடக்கும்போது வரிசையை விட்டு இந்த மன்றத்தில் யாரும் அசைந்ததில்லை. மயக்கம் போட்டு விழுந்தவர்கள்கூட வரிசைக்குள்ளேயேதான் விழுந்திருக்கிறார்கள்.

ஷீலா வெள்ளை அங்கியை நினைத்தாள். ஸ்டிக்கர் ஒட்டும் மேசையை நினைத்தாள். கரண்டியில் எலுமிச்சம்பழம் உருளுவது கண்ணில் தெரிந்தது. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள். வரிசையிலிருந்து வெளியே வந்தாள். மேடைக்கு முன்னால், எழுநூறு பேர் பார்க்க, மெதுவாக ஓடத் தொடங்கினாள்.

முதலில் யாருக்கும் என்னவென்று புரியவில்லை. அவள் திடலின் ஓரம்வரை போய்த் திரும்பி, முழங்கால்களை உயர்த்தி ஓடி வந்தாள். வரிசையிலிருந்து இன்னொருத்தி பிரிந்தாள். பிறகு இரண்டு பேர். அப்புறம் எட்டுப் பேரும். பிச்சை ஊதலை வாய்க்குக் கொண்டுபோனார், ஊதவில்லை. அது கண்டிப்பதற்கா ஊக்குவிப்பதற்கா என்று அவருக்கே முடிவாகவில்லை.

தலைவர் கட்டொழுங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லில் நின்றார். மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. மேடையில் இருந்த பிரமுகர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மீதிய ஓட்டம் முடிஞ்சு பேசிக்கிறேன்" என்றார் மைக்கில். "பிள்ளைங்களுக்குச் சூடு ஆறிடும்."

அய்யாவுவின் பேனா குறிப்பேட்டின்மேல் அப்படியே நின்றது.

ரஜனி அவர்களைப் பத்து நிமிடம் ஓடவைத்தாள். கடைசி மூன்று ஓட்டம் ஏறக்குறைய முழு வேகத்தில். பிறகு கோட்டுக்கு வந்தார்கள். ஷீலாவுக்கு மறுபடியும் மூன்றாம் தடம்தான் விழுந்திருந்தது. காலுக்குக் கீழே புல்லில் பூசணிச்சாறு ஒட்டியது.

ஊதல் ஒலித்தது. முப்பதில் அவள் இரண்டாவதாக இருந்தாள், ஐம்பதில் மூன்றாவதாக. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் காற்றாகப் போனார்கள். அறுபதாவது மீட்டர் வந்தது. கல் வரும் என்று முதுகு காத்திருந்தது. அறுபதாவது மீட்டர் போய்விட்டது. அதற்கப்பால் ஒரு வருடமாகப் பந்தயத்தில் அவள் மிதிக்காத புல். அதை மிதித்து, மிதித்து, நான்காவதாகக் கோட்டைக் கடந்தாள். நான்காம் இடத்துக்கு மன்றத்தில் கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை. அவள் குனிந்து வலது தொடையின் பின்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். ரஜனி ஓடி வந்து, உட்காராதீர்கள், நடந்துகொண்டே இருங்கள் என்று அவளை எழுப்பினாள்.

எல்லா ஓட்டங்களும் முடியப் பன்னிரண்டு மணி ஆனது. முதலுதவிக் கூடாரத்தில் ஒருவரும் இல்லை. அங்கே இருந்த தொண்டூழியர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது தலைவர் மறுபடி மைக்கைப் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்து ஆறாம் பக்கத்தைப் பிரித்தார்.

பிரமுகர்கள் அடுத்த விழாவுக்குப் போய்விட்டார்கள். கூட்டம் மீ கோரெங் கடையில். நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன. தலைவர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அப்போது ஷீலா மேடைக்கு முன்னால் வந்து புல்லில் உட்கார்ந்தாள், கால்களை நீட்டிக்கொண்டு. மற்ற ஏழு பேரையும் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர் நமக்காக நிறுத்தினார், நாம் அவருக்காக உட்காருவோம் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சிலிருந்து அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. பத்தாம் பக்கம் வரை கிடைக்கவும் இல்லை. ஒலிம்பிக் தோன்றிய வரலாறு, ஒற்றுமை, லாரி டயர் விலை. பதினோராம் பக்கத்தில் பேச்சு மாறியது. திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொன்னார். தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்தவர், புல் வெட்டியவர், பஸ்ஸுக்கு எண்ணெய்க் காசு வாங்காத பிச்சை. பதினான்காம் பக்கத்தில் "பிசியோதெரபிஸ்ட் ரஜனி அவர்கள், டாக்டர் அல்ல" என்று அச்சாகியிருந்ததை அப்படியே வாசித்தார். கூடாரத்தில் நின்ற ரஜனி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வட்டாரத்தில் அதைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பதினாறாம் பக்கத்தில் ஒரு பட்டியல். இந்தத் திடலில் ஓடிக் காயம்பட்டவர்கள், பதினோரு வருடத்துக்கும். கடைசிப் பெயர், "சென்ற ஆண்டு அறுபதாவது மீட்டரில் விழுந்த நம் பிள்ளை ஷீலா."

இந்தப் பட்டியலை ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறாரா என்று ஷீலா பிறகு அய்யாவுவைக் கேட்டாள். ஆமாம், ஒவ்வொரு வருடமும்தான் என்றார் அய்யாவு. பதினாறாம் பக்கம் வரும்போது கேட்க யார் இருந்தார்கள்? வரிசையில் நிற்பவர்கள் காது அடைத்து நிற்பார்கள். தாமும் நேரத்தைத்தான் எழுதியதாகவும், சொன்னதை எழுதவில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

பேச்சு முடிந்து எட்டுப் பேரும் கைதட்டினார்கள். காலியான திடலில் அது விசித்திரமாகக் கேட்டது. தலைவர் மேடையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். ஷீலா எழுந்து போய் நன்றி சொன்னாள். அதோடு மனசு கேட்காமல், மண்டபத்தில் அவர்கள் செய்தது அவருக்குச் செய்த மரியாதை இல்லை, அது ஒரு எக்ஸசைஸ் என்றும் சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா" என்றார் தலைவர். "மூணாவது வாரமே என் மவன் போன்ல வீடியோ காட்டிட்டான். வெள்ளைக்காரனுங்க பந்தாட்டக்காரனுங்க எல்லாம் அதத்தான் செய்றானுங்க."

"அப்புறம் ஏன் தலைவரே வந்துக்கிட்டே இருந்தீங்க?"

"நான் வந்தாத்தான் நீங்க எட்டுப் பேரும் வருவீங்கன்னு அய்யாவு சொன்னாரு." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, எக்ஸசைஸா இருந்தா என்னம்மா? பாக்க நல்லாத்தானே இருந்துச்சு."

பக்கத்தில் வந்து நின்ற ரஜனி அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்திருந்தாள். வருடக்கணக்காக லாரியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தே இருந்ததால் அவருடைய பின்தொடை பலகையாகியிருக்கிறது என்று சொன்னாள். "செவ்வாய்க்கிழமை வாருங்கோ, தலைவர். இந்தமுறை நாற்காலி வேண்டாம்."

வந்தார். அரைக்கால் சட்டையில் அவரை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. தம் பெயரில் 'ரமணியம்' மட்டும் மிஞ்சியிருந்த விரிப்பில் முழந்தாளிட்டார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அன்றைக்கு அய்யாவு குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் தம்மை நோக்கி மண்டியிடுவதைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கலா அய்யாவு" என்றார் தலைவர். "பதினோரு வருஷம் என் பேச்சுக்கு நேரம் எழுதினவரு நீங்க. ஒரு தடவ உங்க முன்னால விழுந்தா தப்பில்ல."

ஷீலா பின்னால் குந்தி உட்கார்ந்து அவருடைய கணுக்கால்கள் இரண்டையும் கெட்டியாகப் பிடித்தாள். கனமான கால்கள். அவர் ஒரு விரற்கடை சாய்வதற்குள்ளேயே நடுங்கத் தொடங்கின.

"விட்டுடாதம்மா" என்றார் அவர்.

"விடமாட்டேன் தலைவரே. மெதுவா எறங்குங்க. அவசரம் ஒண்ணுமில்ல."